பேரூராட்சியில் சொத்து வரிப் பெயர் மாற்றியது எப்படி?

அப்பா காலமான பிறகு, அண்ணனும் அக்காவும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து வீடு என் பெயருக்கு வந்தது. பத்திரம் பதிவாகி, பட்டாவும் மாறியாகிவிட்டது. சொத்து வரி ரசீதில் மட்டும் அப்பா பெயரே தொடர்ந்தது.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போ என்றார் பக்கத்து கிராமத்துச் சித்தப்பா. அவர் ஊருக்கு அது சரி. எங்கள் ஊரோ பேரூராட்சி. ஒன்றியத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் எங்களுக்கு ஓட்டும் கிடையாது. நூறு நாள் வேலையும் அதே கதைதான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் உண்டு, இந்தப் பக்கம் இல்லை. தலைவரைப் பார்த்தால் போதும் என்றார் மாமா. தலைவர் கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுத்தவர், நல்ல மனிதரும்கூட. ஆனால் பெயர் மாற்றக் கோப்பில் கையெழுத்துப் போடுவது செயல் அலுவலர்.

விண்ணப்பத்தோடு பத்திர நகல், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கடைசியாக வரி கட்டிய ரசீது எல்லாம் வைத்தேன். குடிநீர்க் கட்டணம் பாக்கி இருந்தது. அதைக் கட்டிய பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய ரசீதுக் கட்டில் 2005ஆம் ஆண்டு ரசீது ஒன்றில் சிறப்பு கிராம ஊராட்சி என்று முத்திரை இருந்தது. இது வேறு ஊர் ரசீதா என்று கேட்டார் எழுத்தர், சின்ன வயசுக்காரர். மத்திய அரசின் கிராம வளர்ச்சி நிதி கிடைக்கும் என்று 2004இல் பெரும்பாலான பேரூராட்சிகளை அப்படி மாற்றி, 2006இல் திரும்பப் பழையபடி ஆக்கினார்கள். அங்கிருந்த மூத்த ஊழியர்தான் இதை அவருக்கு விளக்கினார். ஊரில் ஒரு செங்கல் கூட நகரவில்லை, நிதி வரும் வழிதான் மாறியது.

அப்புறம் பில் கலெக்டர் டேப்போடு வீட்டுக்கு வந்தார். அப்பா மாடியில் கட்டிய அறை கணக்கில் ஏறியிருக்கவில்லை. அளந்து, வரியை ஏற்றிவிட்டார்கள். கசப்புதான், ஆனால் முறையானது. பெயர் மாற்ற விண்ணப்பிக்கிறவர்கள் இதற்குத் தயாராக இருப்பது நல்லது.

உத்தரவு வந்ததும் என் பெயரில் முதல் ரசீது போட்டேன். இங்கே வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அந்தந்த மாதத்துக்குள்ளேயே கட்டினால் 5 சதவீதம் குறையும். அக்டோபர் முடிவதற்குள் உத்தரவு வந்ததால் எனக்கும் அது கிடைத்தது.