பயனற்றுப்போன 214 பள்ளி நூல்களைக் கணக்கிலிருந்து நீக்கிய அனுபவம்

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் பயனற்றுப்போன 214 நூல்களைக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளலாம் என்ற ஆணை சென்ற மாதம்தான் கைக்கு வந்தது. அனுமதி கேட்கும் முதல் கருத்துருவை நான் கல்வி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்ததிலிருந்து அது பதினோராவது மாதம். பள்ளி நூலகப் பொறுப்பைக் கூடுதல் வேலையாக ஏற்றிருக்கும் தமிழாசிரியர்கள் பலர் இதே வழியில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால், நான் எங்கெங்கே இடறினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் தவறு என்னுடையது. எனக்கு முன் பொறுப்பிலிருந்த ஆசிரியர் ஓய்வு பெற்ற நாளன்று, மாலையில் பாராட்டு விழா, அதற்குள் அவருக்கு நிலுவையின்மைச் சான்று தர வேண்டும் என்ற அவசரத்தில், 2,386 நூல்கள் கொண்ட இருப்புப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "பட்டியலில் கண்டவாறு பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு பீரோவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அன்றே "எண்ணிக்கைச் சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்ற மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால், அடுத்த ஆறு மாதத் தூக்கம் எனக்கு மிஞ்சியிருக்கும். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அந்த மூன்று சொற்களை மறக்க வேண்டாம்.

கோடை விடுமுறையில் ஆறு நாள் உட்கார்ந்து எண்ணியபோது 152 நூல்கள் குறைந்தன. ஒரு நூல் குறைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஆசிரியர் அறையில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பயம் எனக்கும் உண்டு. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பதிவேட்டை வரி வரியாகப் பார்த்தபோது, ஒரே ஆண்டில் வந்த ஒரு கட்டை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே பதிந்து 40 நூல்களை இரட்டிப்பாக்கியிருந்தது தெரிந்தது. அறிவியல் ஆய்வக மேசைக்கு அடியில், கட்டுகூடப் பிரிக்கப்படாமல் 61 நூல்கள் கிடந்தன. வழங்கல் பதிவேட்டின்படி ஆசிரியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனவற்றில் 29 திரும்பின. எஞ்சியவை 22. எண்ணி முடிப்பதற்கு முன் யாரிடமும் "காணவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் அலுவலகத்துக்குள் போய்விட்டால் திரும்பி வருவது கடினம்.

இருந்த நூல்களின் நிலை வேறு கதை. ஓதம் ஏறிய சுவரை ஒட்டிப் பீரோவை வைத்திருந்ததால் கீழிரண்டு தட்டுகளில் கரையான் ஏறி, 163 நூல்கள் வெளியே அட்டையும் உள்ளே மண்ணுமாக நின்றன. மேல்தட்டில் இராமபாணப் பூச்சி துளைத்தவை ஓரளவு பிழைத்தன. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் ஏற்றி, தட்டுகளில் வேப்பிலையும் வசம்பும் வைத்ததோடு அந்தச் சிக்கல் முடிந்தது.

கரையான் தொடாத 51 நூல்களையும் நீக்கப் பட்டியலில் சேர்த்தேன் என்பதுதான் பலருக்கு உறுத்தியது. புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து 2006-இலேயே எடுத்துவிட்டார்கள். எங்கள் அறிவியல் நூல்கள் ஒன்பது கோள்களைப் பாடிக்கொண்டிருந்தன. 1996-இல் சென்னையாகிவிட்ட நகரம் எங்கள் பொது அறிவு நூல்களில் மெட்ராஸாகவே இருந்தது. ஃப்ளாப்பியைச் செருகக் கற்றுத்தரும் கணினி நூல் ஏழு படிகள் இருந்தன. "நல்லாத்தானே இருக்கு, இதை ஏன் கழிக்கிறீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டார். ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு வினாடி வினாவில் ஒன்பது என்று எழுதினால் யார் பொறுப்பு என்று நான் திருப்பிக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

ஓரிடத்தில் மட்டும் தயங்கினேன். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான சில கதை நூல்களில் லை, னை ஆகிய எழுத்துகள் பழைய துதிக்கை வடிவில் இருந்தன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் வரியிலேயே திணறி மூடி வைத்தார்கள். படிக்கப்படாதவை என்று பார்த்தால் அவையும் நீக்கத்துக்குரியவைதாம். ஆனாலும் நல்ல நிலையிலிருந்தவற்றைத் தனித் தட்டில் வைத்துக்கொண்டேன். பழைய எழுத்து வடிவத்தைக் காட்டும் ஒரு மணி நேரப் பாடத்துக்கு அவை போதும். உங்கள் பீரோவில் மிகப் பழைய தமிழ் அச்சு நூல் ஏதும் அகப்பட்டால், எடைக்குப் போடும் முன் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

இனி அலுவலகப் படலம். மூன்று படிகளில் பட்டியல் எழுதி, முகப்புக் கடிதத்துடன் 34 கிலோமீட்டர் பேருந்தில் போனேன். பிரிவு உதவியாளர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "விலை எழுதாம கொண்டு வந்தா நான் எப்படி டீச்சர் மேலே வைக்கிறது?" என்றார். அரசுத் திட்டங்களில் வந்த நூல்களுக்கு எங்கள் பதிவேட்டில் விலைக் கட்டத்தில் "இலவசம்" என்றுதான் எழுதியிருந்தார்கள். விலையில்லாத பொருளுக்கு இழப்பு மதிப்பு போட முடியாது. மதிப்பு போடாமல் நீக்கவும் முடியாது. விலை அச்சிட்டிருந்த பின்னட்டையைக் கரையான் தின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, தப்பிய படிகளிலிருந்தும் பக்கத்துப் பள்ளியிலிருந்த அதே நூல்களிலிருந்தும் விலைகளைத் தேடி எழுத மூன்று வாரமாயிற்று. இலவசமாக வந்த நூலுக்கும் அச்சிட்ட விலையைப் பதிவேட்டில் எழுதும் பழக்கத்தை அன்றிலிருந்து தொடங்கினேன்.

இரண்டாம் பயணத்தில், 214 நூல்களுக்கும் காரணம் என்ற கட்டத்தில் "பழுது" என ஒரே சொல்லை எழுதியிருந்ததற்காகவும், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல் இல்லாததற்காகவும் கோப்பு திரும்பியது. இரண்டையும் முதல் முறையே சொல்லியிருக்கலாம். மூன்றாம் பயணத்தில் உதவியாளர் விடுப்பு. நான்காம் முறை போனபோது, அப்படியொரு கோப்பே வரவில்லை என்றார்கள். நான் தபால் பிரிவில் பதிவெண் வாங்காமல், மேசையில் நேரே கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எத்தனை பழக்கமான அலுவலகமாக இருந்தாலும், முத்திரையிட்ட ஒப்புகை இல்லாமல் ஒரு தாளையும் விட்டு வராதீர்கள்.

காணாமற்போன 22 நூல்களுக்காக நான் கையில் வைத்திருந்த ஆயுதம் மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள். அதன் 215-ஆம் விதி, ஓராண்டில் படிக்க வழங்கிய ஒவ்வோர் ஆயிரம் நூலுக்கும் ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல்களையும் அரிய நூல்களையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டியபோது, "இது டெல்லி ஆபீசுக்கு, நமக்கு இல்லை" என்று பிரிவு உதவியாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. எங்களைக் கட்டுப்படுத்துவது மாநில விதிதான். அந்த 22 நூல்களின் கோப்பு இன்னும் தனியாக நடக்கிறது.

ஆனால் அந்தத் தாள் வீண்போகவில்லை. நூல் வழங்கினால் சில தொலையத்தான் செய்யும் என்று ஓர் அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது என்பதை எங்கள் தலைமையாசிரியர் இரண்டு முறை படித்தார். தொலைந்தால் யார் கட்டுவது என்ற அச்சத்தில்தான் பீரோக்கள் பூட்டியிருந்தன. பூட்டிய பீரோவில்தான் கரையான் நிம்மதியாகத் தின்றது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வகுத்துச் சொன்ன நூலக விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அவருடைய பிறந்த நாளான ஆகஸ்ட் 12-ஐ நூலகர் நாளாக வழிபாட்டுக் கூட்டத்தில் ஆண்டுதோறும் கொண்டாடிவிட்டு, சாவியை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வந்திருக்கிறோம். அந்த வாரத்திலிருந்து மதிய இடைவேளையில் பீரோக்களைத் திறந்து வைக்க அனுமதி கிடைத்தது. பதினோரு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றி ஆணை அல்ல, இதுதான்.

ஐந்தாம் பயணத்தில் கண்காணிப்பாளர் அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்து இரங்கி, ஏற்கெனவே ஆணை பெற்ற வேறொரு பள்ளியின் கோப்பை எடுத்துக் காட்டினார். கட்டங்கள், சான்று வாசகம், இணைப்புகளின் வரிசை எல்லாம் அதில் இருந்தன. பத்து நிமிடத்தில் தெளிந்தது. வெற்றி பெற்ற கோப்பின் மாதிரியை முதலில் தேடிப் பிடியுங்கள்; அதற்குப் பிறகு எழுதுங்கள்.

இடையில் புதிய நூல்கள் வாங்கும் வேலையும் நடந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கென்று பள்ளியின் வகையைப் பொறுத்து 5,000 முதல் 20,000 ரூபாய் வரை இடமுண்டு. எங்களுக்கு அது பெரும்பாலும் தேர்ந்தெடுத்த நூல்களாகவே வந்து சேர்ந்திருக்கிறது. நாங்களே தேர்ந்தெடுத்தது முன்னாள் மாணவர்கள் தந்த தொகையில்தான். ஒரு விற்பனையாளர் பாதி விலைக்குக் கட்டாகத் தருவதாகச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் பாதி, தேர்வு வழிகாட்டிகள். மறுத்துவிட்டு மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்கு எட்டு மாணவர்களை அழைத்துப் போனேன். ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படி, தடுக்காமல் போனால் எடு என்பதே விதி. மொழிபெயர்ப்புகள் பலவும் அங்கேயே விழுந்தன. நான் ஆசையாக எடுத்த இரண்டும் அதில் அடக்கம். கம்பி தைத்த மெல்லிய நூல்களைப் பிள்ளைகள் விரும்பினார்கள், முதுகில் எண் ஒட்ட இடமில்லாவிட்டாலும் வாங்கினோம். பத்து விழுக்காடு கழிவும் வழக்கம்போல் கிடைத்தது. ஆனால் ஒன்பது கடை ரசீதுகளில் நான்கை என் பெயரில் போட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் பெயரில் இல்லாதது தணிக்கைத் தடையாகும் என்பதால், கடைசி நாளன்று மறுபடி ஓடி மாற்றி வந்தேன்.

ஆணை வந்ததும் 92 கிலோ பழைய தாள், கிலோ 12 ரூபாய் வீதம் 1,104 ரூபாய்க்குப் போயிற்று. தொகையைச் செலுத்துச் சீட்டில் கட்டி, பதிவேட்டில் ஒவ்வொரு நூலின் எதிரேயும் ஆணை எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, பெருமூச்சு விட்டேன். பத்தாம் நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா பள்ளிக்கு வந்தார். பழைய பேப்பர் கடையில் எங்கள் பள்ளி முத்திரையோடு ஒரு நூலைக் கண்டதாகவும், யாரோ திருடி விற்றிருப்பார்கள் என்று எண்ணிப் பத்து ரூபாய் கொடுத்து மீட்டு வந்ததாகவும் சொல்லி, ஒன்பது கோள்கள் உள்ள அந்த நூலை மேசைமேல் வைத்தார். அவருக்கு நன்றி சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். எடைக்குப் போடும் முன் பள்ளி முத்திரை உள்ள எல்லாப் பக்கங்களிலும் "நீக்கப்பட்டது" என்று குத்திவிடுங்கள். கணக்கில் இல்லாத அந்த நூல் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.