‘மயக்கமா இருக்கு மிஸ்ஸி’: அடுத்த கேள்வி எது?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ பயிற்சிக்காக வார்டில் நிற்கும் தாதியர் மாணவர்களின் காதில் அடிக்கடி விழும் வாசகம் இது. வயதான அம்மா ஒருவர் கட்டிலில் உட்கார்ந்தபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “மயக்கமா இருக்கு மிஸ்ஸி” என்கிறார். மாணவி குறிப்பேட்டில் ‘பெனிங்’ என்று ஒரு மலாய்ச் சொல் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நம் பேச்சில் மயக்கம் என்ற ஒரே சொல் குறைந்தது நான்கு வேலை பார்க்கிறது. அறையே சுற்றுவது மயக்கம். எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம். சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, குப்பென்று வியர்ப்பதும் மயக்கம். மருந்தின் வேகத்தில் கண் சொருகுவதும் அதே மயக்கம்தான். முதலாவது பெரும்பாலும் உள்காதைப் பற்றியது, இரண்டாவது இரத்த அழுத்தத்தை, மூன்றாவது இரத்தச் சர்க்கரையை, நான்காவது மூளையின் விழிப்பை. ‘பெனிங்’ என்று மலாய்க்கு மாற்றினால் குழப்பம் கூடத்தான் செய்யும். மலாய்ப் பேச்சில் அந்தச் சொல் தலைச்சுற்றலுக்கும் ஓடுகிறது, தலைவலிக்கும் ஓடுகிறது. நோயாளி சொன்னது ஒன்று, ஏட்டில் ஏறியது வேறொன்று, மருத்துவர் படித்துப் புரிந்துகொள்வது மூன்றாவதாக ஒன்று.

அந்த அம்மாவின் சொல்லுக்கும் ஏட்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி நிற்க வேண்டும். “சுத்துதாம்மா, இல்ல கண்ண இருட்டிக்கிட்டு வருதா?” “படுத்திருந்தாலும் இருக்கா, எழுந்தா மட்டும்தானா வருது?” “கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? இன்சுலின் எப்பப் போட்டாங்க?” மூன்றும் சேர்ந்து அரை நிமிடம் ஆகாது. பதில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தக் கருவியை எடுங்கள். எழுந்தால் மட்டும் வருகிறது என்றால் ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு நிற்க வைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது சொல்லியே ஆகவேண்டிய செய்தி. நிற்க வைக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் இருக்கட்டும், விழுந்துவிடக் கூடும்.

சாப்பாடு தள்ளிப்போயிருக்கிறது என்றால் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, அவர் விழிப்பாக, விழுங்கக்கூடியவராக இருந்தால், ஸ்டாஃப் நர்ஸிடம் சொல்லிவிட்டு 15 கிராம் சர்க்கரை கொடுக்கப்படும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய அந்த அளவு. 15 நிமிடத்தில் மறுபடியும் குத்திப் பார்க்க வேண்டும். கண் சொருகிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கினாலும் கை நடுக்கமும் படபடப்பும் சரியாக வெளியே தெரியாது, வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். ஆகவே மருந்துத் தாளைப் பார்ப்பதும் கேள்வி கேட்பதில் சேர்த்திதான்.

கல்லூரியில் தொடர்பாடல் ஒரு பாடம், ஆய்வுச் சிந்தனை இன்னொரு பாடம். தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு ‘உயர்நிலைச் சிந்தனைத் திறன்’ என்றாலே தேர்வுத்தாளின் கடினமான கேள்விகள்தான் நினைவுக்கு வரும். வார்டில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. சரியான கேள்வி கேட்கத் தெரியாதவருக்குச் சிந்திக்க ஒன்றும் கிடைக்காது. சிந்திக்காதவருக்கு எந்தக் கேள்வியைக் கேட்பது என்றே தோன்றாது.

கேள்வியை எப்படி முடிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நம் மொழியில் ‘தானே’ என்று ஓர் ஒட்டு இருக்கிறது. “வலி இல்லதானே பாட்டி?” என்று கேட்டால், பிள்ளைக்கு ஏன் தொல்லை என்று நினைக்கும் பாட்டி, “இல்லம்மா” என்றுதான் சொல்வார். “எங்க வலிக்குது, கையை வச்சுக் காட்டுங்க” என்று கேட்டால் கை தானாக நகரும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டு, “கேஸ் மாதிரி அடைக்குது” என்கிறவரிடம் ‘கேஸ்’ என்ற சொல்லை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு பல நேரம் நெஞ்சு வலியாக வராது. மூச்சு வாங்குவதாக, மேல்வயிற்றுப் பொருமலாக, காரணமில்லாத வியர்வையாக வரும். இதயக் கோளாறு என்று சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது நெறி. அந்த 10 நிமிடத்தில் பாதியை ‘கேஸ்தானே’ தின்றுவிடும்.

ஆளை அடையாளம் காண்பதிலும் இதே ‘தானே’தான் சிக்கல். “நீங்க முனியம்மாதானே?” என்றால் காது மந்தமான எந்தப் பாட்டியும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கைப்பட்டையில் உள்ள பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் ஒப்பிடுங்கள். ஒரே வார்டில் இரண்டு முனியம்மா இருந்தால் ‘ஏ/பி’ (மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்பதற்குப் பின்னால் வரும் தகப்பன் பெயர்தான் பிரித்துக்காட்டும். கட்டில் எண் அடையாளம் ஆகாது. காலையில் 12-இல் படுத்திருந்தவர் மத்தியானம் 9-க்கு மாறியிருப்பார்.

தமிழ் பேசும் மாணவர்களுக்கென்றே ஒரு கூடுதல் பாரம் உண்டு. “அடிக், போலே சாக்காப் தமிழ்?” (தங்கச்சி, தமிழ் பேச வருமா?) என்று மருத்துவர் கூப்பிடுவார். மறுக்க வேண்டாம், ஆனால் மொழிபெயர்க்கும்போது செய்யக் கூடாதவை சில இருக்கின்றன. நோயாளி பத்து வாக்கியம் பேச, நீங்கள் “வலிக்குதாம்” என்று ஒன்றில் முடிக்கக் கூடாது. குடும்பத்தார் மொழிபெயர்க்கும்போது நடப்பதும் இதுதான். மகள் தனக்கு முக்கியமாகப் பட்டதை மட்டும் சொல்வாள், அப்பா குடிப்பதைச் சொல்லமாட்டாள். நோயாளி ‘நான்’ என்று சொன்னால் நீங்களும் ‘நான்’ என்றே சொல்லுங்கள், ‘அவர் சொல்றாரு’ வேண்டாம். ஒரு சொல்லுக்கு இணை தெரியாவிட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்: “அவர் மயக்கம் என்கிறார், அதற்கு நான்கு பொருள் உண்டு, எது என்று கேட்கட்டுமா?” உடலை மறைத்துப் பேசும் சொற்களிலும் கவனமாக இருங்கள். ‘அங்க’, ‘அந்த இடம்’, ‘வெளியே போறது சரியில்ல’ என்றால் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தணிந்த குரலில், சிறுநீரா மலமா என்று நேராகக் கேட்டே ஆகவேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்குவது மருத்துவரின் பொறுப்பு. அவர் சொல்வதைத் தமிழில் சொல்லலாமே தவிர, உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்து, “பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்” என்று நீங்களாக விளக்கம் கொடுக்கக் கூடாது.

இனி ஒரு கட்டிலருகே கொஞ்சம் அதிக நேரம் நிற்போம். கற்பனை நோயாளி, ஆனால் இந்த ஊரில் எந்த வார்டிலும் பார்க்கக்கூடியவர். 24 வயது இளைஞர், 60 கிலோ, டெங்கி, காய்ச்சலின் ஐந்தாம் நாள். காலை 6 மணிக்கு வெப்பம் 38.6, நாடி 96, இரத்த அழுத்தம் 112-க்கு 70, மூச்சு 18. பத்து மணிக்கு வெப்பம் 37.2, நாடி 108, இரத்த அழுத்தம் 104-க்கு 86, மூச்சு 22, ஆக்சிஜன் 98. “காய்ச்சல் விட்டுருச்சு, ஆனா வயிறு வலிக்குது, ரெண்டு மூனு தடவை வாந்தி எடுத்துட்டேன், படுத்தே கிடக்கணும்போல இருக்கு” என்கிறார். நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 90 மில்லி. ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) நேற்று 40, இன்று 48.

காய்ச்சல் விட்டது நல்ல செய்தி என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். டெங்கியில் அது பொறி. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நீர் வெளியேறுவதால் இரத்தம் கெட்டியாகிறது, ஹெமட்டோகிரிட் ஏறுகிறது. இங்கே 40-இலிருந்து 48 என்றால் 20 விழுக்காடு ஏற்றம். குழாய்கள் இறுகி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால் மேல் எண் உடனே விழாது, கீழ் எண்தான் மேலே ஏறும். காலையில் இரண்டுக்கும் இடைவெளி 42, இப்போது 18. இருபதோ அதற்குக் கீழோ போனால் உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையின் வாசல் என்று பொருள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது வர வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு 120. வந்தது 90.

இந்த எண்களை லண்டன் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட நியூஸ்-2 முன்னெச்சரிக்கை மதிப்பெண்ணில் போட்டுப் பாருங்கள். மூச்சு 22-க்கு 2, நாடி 108-க்கு 1, மேல் அழுத்தம் 104-க்கு 1, வெப்பத்துக்குச் சுழியம். மொத்தம் 4. அவசரமாகப் பார்க்கச் சொல்லும் வாசல் 5. அட்டவணையை மட்டும் நம்பினால் இவர் பாதுகாப்பானவர்! இரண்டு அழுத்த எண்களுக்கும் உள்ள இடைவெளிக்கு அந்த அட்டவணையில் கட்டமே இல்லை, வயிற்று வலிக்கும் இல்லை. உங்கள் வார்டு வேறு அட்டவணை வைத்திருந்தாலும் இந்த ஓட்டையைத் தேடிப் பாருங்கள். மதிப்பெண் கூடினால் கூப்பிட வேண்டும். கூடாவிட்டால் கூப்பிட வேண்டாம் என்று எந்த அட்டவணையும் சொல்லவில்லை.

இப்போது கையைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 நொடிக்கு மேல் ஆகிறதா? ஈறில் இரத்தம் உண்டா? பிறகு உடனே சொல்லப் போங்கள். நோயாளியின் நிலையைச் சுருக்கமாகச் சொல்ல உதவும் எஸ்-பார் (SBAR) முறை அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்தது. நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்று நான்கு படி. நீங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் சொல்வீர்கள், தமிழில் எழுதினால் இப்படி வரும் (‘கக்’ என்றால் அக்கா):

“கக், 14-ஆம் கட்டில் டெங்கி நோயாளியின் அழுத்த இடைவெளி 18-க்கு இறங்கிவிட்டது, கை குளிர்ந்திருக்கிறது. காய்ச்சலின் ஐந்தாம் நாள், காலையில் இடைவெளி 42, ஹெமட்டோகிரிட் 40-இலிருந்து 48, நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 90 மில்லி, வயிற்று வலியும் வாந்தியும் இருக்கிறது. நீர் கசிகிறது என்று நினைக்கிறேன். இப்போதே வந்து பாருங்கள், மருத்துவரையும் கூப்பிடலாமா?”

மாணவர்கள் தடுமாறுவது மூன்றாம், நான்காம் படிகளில். ‘நான் யார் கணிப்புச் சொல்ல’ என்ற தயக்கம். மூத்தவர்கள் முன் வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். நோயின் பெயர் சொல்லத் தேவையில்லை. “காலையைவிட மோசமாகிவிட்டார், எனக்குக் கவலையாக இருக்கிறது” என்பதும் முழுமையான கணிப்பே. இன்னொரு தவறு, கதையை முதலிலிருந்து தொடங்குவது: “இவர் நேத்து அட்மிட் ஆனாரு, முதல்ல கிளினிக்குக்குப் போனாராம்...” கேட்பவரின் கவனம் முதல் பத்து நொடியிலேயே வேறு பக்கம் போய்விடும். மோசமான எண் முதல் வாக்கியத்தில் இருக்கட்டும். பதிலுக்கு வாய்மொழியாக உத்தரவு வந்தால் எழுதி, திருப்பி வாசித்து, ‘சரி’ என்று வாங்கிக்கொண்ட பிறகே நகர வேண்டும். ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் தொலைபேசியில் ஒன்றாகவே கேட்கும், ‘ஒன்-ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்.

மூச்சு எண்ணிக்கையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்று எழுதும் வழக்கம் மிகக் கெட்டது. நிலைமை சரியும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சு ஒன்று, அதை எண்ணும் இயந்திரமும் பொது வார்டில் பெரும்பாலும் இருக்காது. நாடி பிடித்த விரலை எடுக்காமல் மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு 60 நொடி எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிக்கொள்வார், ஆகவே சொல்லாமல் எண்ணுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நேரம் வார்டே பரபரப்பாக இருக்கும். மருந்துப் பையில் மலாயில் ‘செலெபாஸ் மாக்கான்’ (சாப்பிட்ட பிறகு) என்று இருக்கும், படிக்கத் தெரியாதவர் “புரியுது மிஸ்ஸி” என்பார். “புரியுதா?” என்று கேட்காதீர்கள். “வீட்டுல போயி இத எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க, நான் சரியா விளக்கினேனான்னு பாக்கணும்” என்று கேளுங்கள், சோதனை உங்கள் விளக்கத்துக்குத்தான் என்று அவருக்குப் படும். ‘மூனு வேளை’ என்று நாம் சொல்வதை அவர் மூன்று சாப்பாடு என்று எடுத்துக்கொள்வார். தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில், பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ காவடி நேர்ந்துகொண்டு ஒருவேளை மட்டும் சாப்பிடுகிறவர், அதே அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? “விரதம் இருக்கீங்களா ஐயா, எந்த வேளை சாப்பிடுறீங்க?” என்று முகம் சுளிக்காமல் கேளுங்கள். கண்டிப்பு தொனித்தால் அடுத்த முறை மறைப்பார். அளவை மாற்றுவது மருத்துவர் வேலை, விரதம் என்ற செய்தியை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது உங்கள் வேலை.

இதெல்லாம் முடிந்ததும் எழுதுங்கள். நேரம், நீங்கள் பார்த்தது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், அதற்குப் பிறகு என்ன மாறியது. ‘நோயாளி நலம்’ என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு ஒரு பயனும் இல்லை. நோயாளியின் சொல் முக்கியமானால் மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே, ‘மயக்கம்’ என்றே எழுதி, பக்கத்தில் பொருளை எழுதுங்கள்: எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, படுத்தால் சரியாகிறது, காலை 10.40.