நாலுக்கு இருபது என்றால் ஆறுக்கு?

2025 மார்ச் 3, திங்கள்

லாரி சிங்கப்பூரின் துவாஸில் இருக்கும் எங்கள் தொழிலாளர் டார்மிட்டரியை விட்டுக் கிளம்பும்போது இன்னும் இருட்டு. சைட்டுக்குப் புத்தகம் கொண்டுபோனால் ஒரே நாளில் சேறாகிவிடும். அதனால் குரூப் 4 புத்தகத்தின் பக்கங்களைப் போனில் படம்பிடித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 200 கேள்விகள்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. பட்டுக்கோட்டையில் தங்கையும் இதே தேர்வுக்குப் படிக்கிறாள். தமிழில் அவளை என்னால் தொட முடியாது. இந்த 25-ல்தான் எட்டிப் பிடிக்கணும்.

இன்று எண் ஒப்புமை: முதல் ஜோடியில் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்து, அதே தொடர்பில் இரண்டாவது ஜோடியை நிரப்பணும். 7 : 50 :: 9 : ? ஏழேழு 49, ஒன்று சேர்த்தால் 50. ஒன்பொன்பது 81, ஆக 82. அடுத்தது 13 : 17 :: 23 : ? நாலு கூட்டி 27 என்று போட்டேன். விடை 29. பதிமூன்றுக்கு அடுத்த பகா எண் 17, இருபத்துமூன்றுக்கு அடுத்தது 29. அந்த 27-ஐயும் விடைகளில் வைத்திருந்தார்கள்.

மார்ச் 5, புதன்

ராத்திரி வரை ஓவர்டைம். முப்பது வரை வர்க்கம், பதினைந்து வரை கனம் மனப்பாடம் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். 6 : 210 என்று பார்த்ததும் 216 ஞாபகம் வந்தால் பாதி வேலை முடிந்தது, அதில் ஆறைக் கழித்தால் போதும். அறையில் பங்களாதேஷ் நண்பர் நோன்பு, விடியுமுன் சஹர் சாப்பிட அவர் எழணும். விளக்கை அணைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

தங்கை அனுப்பிய கேள்வி: 4 : 20 :: 6 : ? விடைகள் 30, 36, 42, 48.

நாலஞ்சு இருபது, ஆறஞ்சு முப்பது. 30 என்று உடனே அனுப்பினேன். "தப்பு அண்ணே, 42" என்றாள். நாலை அடுத்த எண்ணான ஐந்தால் பெருக்கினால் 20, ஆறை ஏழால் பெருக்கினால் 42 என்பது புத்தகத்தின் கணக்கு. என் கணக்கில் என்ன பிழை? ஒரே ஐந்தால்தானே இரண்டையும் பெருக்கினேன்? அவளிடம் கோபமாகப் பேசிவிட்டேன். அவள் என்ன செய்வாள், அவள் எழுதிய புத்தகமா அது?

மார்ச் 9, ஞாயிறு

வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் புதுக்கோட்டை அண்ணனைப் பார்த்தேன். பல வருஷமாகக் கம்பி கட்டுகிறவர், படிப்பு பத்தாவது. கேள்வியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பத்து எம்எம் கம்பி மீட்டருக்கு எவ்வளவு தம்பி?" என்றார்.

"0.62 கிலோ."

"அப்போ இருபது எம்எம்?"

வேலை தெரியாதவனாக இருந்தால் இரட்டிப்பாக்கி 1.24 என்றிருப்பேன். என் தோளுக்கு விடை தெரியும். பன்னிரண்டு மீட்டர் பத்து எம்எம் கம்பி ஏழரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தனியாளாகத் தூக்கலாம். அதே நீளத்தில் இருபது எம்எம் கிட்டத்தட்ட முப்பது கிலோ. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கான எடை. அந்தக் கணக்கில் இருபதுக்கு 2.47. விட்டம் இரண்டு மடங்கானால் எடை நாலு மடங்கு.

"பத்துக்கு 0.62-ன்னு ஒண்ண மட்டும் சொன்னா யாரு எதை வேணா நினைக்கலாம்ல? பதினாறுக்கு 1.58-ன்னு இன்னொண்ணையும் சொல்லிட்டா அதுக்கப்புறம் சும்மா இரட்டிப்பாக்கிச் சொல்ல முடியாது" என்றார் அண்ணன்.

டார்மிட்டரிக்குத் திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. தங்கையின் கேள்வியில் 3 : 12 என்று இன்னொரு ஜோடியும் இருந்திருந்தால்? ஐந்தால் பெருக்குவது அங்கேயே உடைந்துவிடும், மூவஞ்சு பதினைந்து. மூன்றை நாலால் பெருக்கினால் 12, சரியாக உட்காரும். இரண்டு ஜோடி கொடுத்திருந்தால் 30 என்று நான் போட்டிருக்கவே மாட்டேன். ஒரே ஜோடியைக் கொடுத்து, 30-ஐயும் விடைகளில் வைப்பது கேள்வி எழுதியவர் செய்த தவறு. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஆனாலும் பரீட்சைக் கூடத்தில் வாதாட முடியாது. அதனால் இப்படிச் செய்கிறேன்: ஒரு தொடர்பு தோன்றியதும் நிறுத்தாமல் இன்னொன்றும் தேடுகிறேன். இரண்டில் எது விடைகளில் இருக்கிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். இரண்டுமே இருந்தால், வெளியிலிருந்து ஒரு எண்ணைக் கொண்டுவந்து பெருக்குவதை விட்டுவிட்டு, எண் தன்னோடோ தன் அடுத்த எண்ணோடோ பெருகுவதை எடுக்கிறேன். வர்க்கம், கனம் எல்லாம் அந்த வகைதான். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, எதையாவது குறிக்கத்தான் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுத் தங்கைக்கு நானே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன். அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால், இன்னும் முழித்திருப்பாள். 3 : 30, 5 : 130, 6 : ? இரண்டு ஜோடி கொடுத்திருக்கிறேன் என்று சேர்த்து எழுதினேன்.

222 என்று பதில் வந்தது. மூன்றின் கனம் 27, அதோடு மூன்று. ஐந்தின் கனம் 125, அதோடு ஐந்து. சரி. பின்னாலேயே இன்னொரு செய்தி: "முதல்ல பத்தால பெருக்கி 60-ன்னு நினைச்சேன் அண்ணே. 5-க்கு 130-ஐப் பாத்துதான் மாத்துனேன்."