இரண்டு கரிநெருப்புகள்

எருசலேமில் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் அந்தத் தேவாலயம் இருக்கிறது. உச்சியில் கறுப்புச் சிலுவை, அதற்கும் மேலே பொன்னிறத்தில் ஒரு சேவல். பேருந்தை விட்டு இறங்கியதும் அந்தச் சேவல்தான் கண்ணில் பட்டது. உள்ளே போகவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 11 வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் கணக்கில் பணம் குறைந்தது. பழி என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா மேல் விழுந்தது. தவறு என்னுடைய பதிவில்தான் இருக்கிறது என்று இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். "எனக்கு எதுவும் தெரியாது" என்றேன். அக்கா வேலையை விட்டுப் போனார். போகும்போது என்னிடம் நன்றாகத்தான் பேசிவிட்டுப் போனார்.

அதற்காக எத்தனையோ இரவுகள் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மன்னித்துவிட்டார் என்று நம்பவும் செய்தேன். ஆனாலும் இயேசு பிடிபட்ட இரவில், சேவல் கூவுமுன் அவருடைய சீஷன் பேதுரு 'அவரை அறியேன்' என்று மூன்று முறை மறுதலித்த வேதப்பகுதியை யாராவது வாசித்தால் தலை தானாகக் குனிந்துவிடும்.

அந்தப் பகுதிக்கு உரிய இடம்தான் இது. புனித பேதுரு கல்லிகாந்து ஆலயம் என்று பெயர். கல்லிகாந்து என்றால் லத்தீனில் சேவல் கூவுதல். பேதுரு மறுதலித்தது பிரதான ஆசாரியன் காய்பாவின் வீட்டு முற்றத்தில்; அந்த வீடு இங்கேதான் இருந்தது என்பது மரபு. ஆய்வாளர்களிடையே வேறு கருத்தும் உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முற்றத்தில் பேதுருவையும், அவரைக் கேள்வி கேட்ட வேலைக்காரியையும் சிலையாக வைத்திருக்கிறார்கள். பேதுருவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொய் சொல்லும்போது கைகளை என்ன செய்வதென்று தெரியாது. எனக்கும் அன்று தெரியவில்லை.

ஆலயத்துக்கு அடியில் பாறையைக் குடைந்த ஆழமான குழி ஒன்று இருக்கிறது. அந்த இரவில் இயேசுவை அதில்தான் அடைத்து வைத்தார்கள் என்று நம்புகிறார்கள். அங்கே நின்று 88ஆம் சங்கீதத்தை வாசிப்பது வழக்கம். ஆறுதலான வசனத்தில் முடியாத சங்கீதம் அது, இருளோடேயே முடிந்துவிடும். எங்கள் போதகர் வாசித்து முடித்த பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்தால், பக்கத்திலேயே கீதரோன் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் பழைய கல்படிகள். கெத்செமனேயில் பிடித்த இயேசுவை இந்த வழியாகக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள்.

சேவல் கூவியபோது கர்த்தர் திரும்பி பேதுருவைப் பார்த்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பார்வையை இத்தனை காலமும் குற்றம் சாட்டும் பார்வையாகவே நினைத்திருந்தேன். அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து கலிலேயாவுக்குப் போனோம். பல குழுக்கள் கலிலேயாவை முதலில் பார்த்துவிட்டு எருசலேமில் முடிப்பார்கள். எங்களுக்கு வரிசை மாறி அமைந்ததற்காக இன்றும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

தப்கா என்ற இடத்தில், ஏரிக்கரையை ஒட்டி, கறுப்புக் கல்லில் கட்டிய சின்ன ஆலயம். பிரான்சிஸ்கன் துறவிகள் 1933இல் கட்டியது. பீடத்துக்கு முன்னால் தரையிலிருந்து எழும் ஒரு பாறை. உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்கு உணவு கொடுத்த இடம் என்று சொல்கிறார்கள். நாங்கள் பாறையைத் தொட்டுவிட்டு வெளியே தண்ணீரண்டை வந்து உட்கார்ந்தோம். போதகர் யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தை வாசித்தார். சீஷர்கள் கரையில் இறங்கியபோது அங்கே கரிநெருப்பு போட்டிருந்தது என்ற வசனம் வந்ததும் எனக்குத் திக்கென்றது. இந்த வார்த்தையை முன்பே எங்கோ பார்த்திருக்கிறேனே! பின்னால் புரட்டினேன். யோவான் 18. குளிருக்காக ஊழியக்காரர்கள் உண்டாக்கிய கரிநெருப்பு, அதனருகே நின்று குளிர்காய்ந்த பேதுரு. அப்புறம் போதகரிடம் கேட்டேன். மூலமொழியான கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தானாம். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அந்தச் சொல் வருவதில்லையாம்.

அந்த நெருப்பை இந்த முறை போட்டவர் இயேசு. அதே புகை வாசனை, அதே பேதுரு. மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். நடந்ததை நடக்காததுபோல மூடவில்லை. ஆனால் கேட்பதற்கு முன் சாப்பிடக் கூப்பிடுகிறார்! மீனும் அப்பமும் ஏற்கனவே தயாராக இருந்தன. பேதுரு இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் இயேசு தம் ஆடுகளை, அதாவது தம் மக்களை, அவரிடமே ஒப்படைக்கிறார்.

மன்னிக்கப்பட்டவன் பாக்கியவான் என்று தாவீது பாடிய 32ஆம் சங்கீதம் எனக்கு மனப்பாடம். அதில் அடுத்த வரிகளை நான் சரியாகக் கேட்டதே இல்லை. அடக்கிவைத்திருந்தவரை என் எலும்புகள் உலர்ந்துபோயின என்கிறார். நான் கர்த்தரிடம் சொல்லியிருந்தேன். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவர் என்னை மன்னித்தது உண்மை. அந்த மன்னிப்பில் உட்கார்ந்து சாப்பிடாமல், பதினோரு வருடமாகக் கரையிலிருந்து தள்ளியே நின்றிருக்கிறேன்.

அந்த முற்றத்தில் பேதுருவைத் திரும்பிப் பார்த்தவர்தானே இங்கே நெருப்புப் போட்டு வைத்துக் காத்திருந்தார்? அப்படியானால் அந்தப் பார்வையும் இந்த அன்பாகத்தான் இருந்திருக்கும். கூழாங்கற்களின் மேல் தண்ணீர் வந்து வந்து போனது. அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் முதுகில் கை வைத்தார்.

பேருந்து கிளம்ப இருபது நிமிடம் இருந்தது. அக்காவின் எண் இத்தனை வருடமாக என் கைப்பேசியில் இருக்கிறது. கரையிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்: "அக்கா, அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும்."