மூன்று மண்ணில் சர்க்கரைவள்ளி: எப்போது தோண்டுவது என்று கற்றுக்கொண்ட கதை

2023 ஆகஸ்ட் கடைசியில் மைத்துனன் திருவனந்தபுரத்திலிருந்து ஊருக்கு வந்தபோது, ஸ்ரீகாரியத்தில் இருக்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்துக் கொடிகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டு வந்தான். இரண்டு வகை. ஒன்று ஸ்ரீ கனகா, உள்ளே கேரட் நிறம். இன்னொன்று பூ கிருஷ்ணா, வெட்டினால் நாவல்பழச் சாறு மாதிரி ஊதா. மூன்றாவது என்னுடையது. கோயம்பேட்டில் வாங்கிய சிவப்புத் தோல், வெள்ளைச் சதைக் கிழங்கை ஜூலையிலேயே ஈர மணலில் பாதி புதைத்து வைத்திருந்தேன். அதில் கொழுந்து கிளம்பிக் கொடியாகியிருந்தது.

எந்த வகை நல்லது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள். எந்த மண்ணுக்கு, எந்த மாதத்துக்கு என்று சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. சென்னையைச் சுற்றியே மூன்று விதமான இடம் எனக்குக் கிடைத்ததால், மூன்றையும் மூன்று இடத்திலும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடி. உத்தண்டியில் அண்ணனின் காலி மனை, முழுக்கக் கடற்கரை மணல். பெரும்பாக்கம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு பெரியவர் பயிர் வைக்கும் களிமண் நிலத்தில் ஆறு பார், அதாவது மண்ணை மேடாக அணைத்த வரிசை.

நுனிக்கொடியை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, இரண்டு நாள் நிழலில் போட்டு வைத்து, செப்டம்பர் 10 அன்று நட்டேன். அப்படி வைத்தால் கணுவில் வேர் சீக்கிரம் பிடிக்கிறது. பாருக்குப் பார் இரண்டடி, செடிக்குச் செடி இருபது சென்டிமீட்டர். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போனால் போதும்.

மாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செடிப் பைகளில் தேங்காய்நார்க் கழிவும் மாட்டெருவும் சரிபாதி கலந்ததுதான் தப்பு. தழைச்சத்து கூடிவிட்டது. கைப்பிடிச் சுவர் தாண்டிக் கொடி தொங்கியது, பைக்குள் விரல் அளவு வேர்தான். கீரை மட்டும் மூன்று மாதமும் ஓடியது. இளந்தளிரைப் பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், அருமையாக இருக்கும். அடுத்த முறை எருவைக் கால் பங்காகக் குறைத்து, மணலும் விறகுச் சாம்பலும் சேர்த்தேன். சாம்பல் கொடுக்கும் சாம்பல்சத்துதான் கிழங்கைத் திரள வைக்கிறது. ஒரு பைக்கு அரைக் கிலோவுக்கு மேல் வந்தது.

உத்தண்டி மணலில் என் பயம் தண்ணீர்தான். அந்தப் போர்த் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்பு. கோயம்பேட்டுக் கொடி ஒரு மாதத்தில் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. பூ கிருஷ்ணா அசையவே இல்லை. உப்பைத் தாங்கும் வகை என்று மைத்துனன் சொல்லியிருந்தான், கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். மனைக்கு வெளியே கடற்கரை முழுக்க அடப்பங்கொடி படர்ந்து கிடக்கிறதே, அதுவும் இதே இனம்தான். அந்த மணலில், அந்த உப்புக்காற்றில் அது பூப்பதைப் பார்க்கும்போது சர்க்கரைவள்ளிக்கும் கொஞ்சம் அந்த ரத்தம் இருக்கும் என்று தோன்றும்.

பெரும்பாக்கம் களியில்தான் நெஞ்சு உடைந்தது. அங்கே மூன்று வகையுமே கொழுத்து வளர்ந்தன. கனகா எண்பது நாள் பயிர். நவம்பர் கடைசி வாரம் பெரியவர் ஒரு செடியின் அடியைக் கிளறிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது போதும், எடுத்துடு. மழை நிக்கிற மாதிரி தெரியல” என்றார். கிழங்கு உள்ளங்கை நீளம் இருந்தது. “பொங்கலுக்கு எடுக்கலாம்யா, இன்னும் பெருக்கட்டும்” என்றேன். டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழை. ஐந்து நாள் பார் மேலேயே தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு தோண்டினால், வெளித்தோல் முழுசாக இருந்தது, கையில் எடுத்ததும் கூழாக வழிந்தது. புளித்த கள் வாடை. வேருக்குக் காற்றே இல்லாமல் மூச்சு முட்டிச் செத்த கிழங்கு அது. ஆறு பாரில் ஒரு கூடைகூடத் தேறவில்லை. மற்ற இரண்டு வகைக்கும் இன்னும் நாள் பாக்கி இருந்தது, அவற்றை நான் காப்பாற்றியிருக்க முடியாது. கனகாவை நிச்சயம் காப்பாற்றியிருக்கலாம். குறுகிய காலப் பயிரை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தக் குறுகிய காலத்தையே நான் பயன்படுத்தவில்லை.

மணல் அன்றைக்கே தண்ணீரைக் குடித்துவிட்டது. ஜனவரி முதல் வாரம் உத்தண்டியில் தோண்டினோம். பூ கிருஷ்ணா செடிக்குக் கிட்டத்தட்ட முக்கால் கிலோ. கனகா கொஞ்சம் வெடித்திருந்தது, நாள் கடந்த கிழங்குக்குத் திடீர் ஈரம் கிடைத்தால் அப்படித்தான் பிளக்கும். கோயம்பேட்டுக் கொடியில் வால் போல நீண்ட வேர்கள்.

2024 பொங்கல் கழிந்து களியில் மறுபடி நட்டேன், இந்த முறை ஒன்றரை அடி உயரப் பார். வெள்ளம் இல்லை, ஆனால் வேறொன்று வந்தது. மார்ச் வெயிலில் களி வெடித்தது, அந்த வெடிப்பு வழியே கூன்வண்டு இறங்கியது. ஏரிக்கரை முழுக்க நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் சர்க்கரைவள்ளியின் இனமே. இந்த மாதிரி காட்டுச் செடிகளில் வண்டு தங்கும் என்பதால் பாரை ஒட்டி நின்றதை எல்லாம் வெட்டினேன். முப்பதாம் நாள் ஒருமுறை, அறுபதாம் நாள் ஒருமுறை மண் அணைக்க வேண்டும். நான் இரண்டாவதைத் தள்ளிப்போட்டிருந்தேன். வண்டு துளைத்த கிழங்கு வேகவைத்தாலும் கசக்கும், கெட்டதை மாட்டுக்கும் போடக்கூடாது. எரித்துவிட்டேன். வெடிப்பு விழாத இரண்டு பாரில் கிடைத்த வெள்ளைக் கிழங்கு மாவாக, இனிப்பாக இருந்தது. களியில் அந்த ருசி வந்தது, மணலில் எனக்கு வரவில்லை.

அதே வருடம் செப்டம்பர் 1 அன்று உத்தண்டியில் கனகாவும் பூ கிருஷ்ணாவும் மட்டும். களியில் மழைக்காலப் பயிரே வைக்கவில்லை. நவம்பர் 24 அன்று கனகாவைத் தோண்டிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல். கொட்டுகிற மழையில் மாடி அறைக்குள் போய், செய்தித்தாள் விரித்துப் பரப்பியிருந்த கிழங்குகளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கழுவாமல், அடிபடாமல் ஒரு வாரம் அப்படி வைத்தால் சிராய்ப்பு ஆறிப் புதுத்தோல் கட்டுகிறது, பிறகு நாள் ஆக ஆக இனிப்பும் ஏறுகிறது. ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், நடு கட்டியாகி வேகவே வேகாது.

பூ கிருஷ்ணாவை மணலில் ஜனவரி வரை விட்டேன். மாடியில் மூன்று பையில் இப்போது கனகாவின் நுனிக்கொடி மட்டும் வளர்கிறது, கிழங்குக்காக அல்ல, விதைக்கொடிக்காக. பெரும்பாக்கம் பெரியவர் தை பிறந்ததும் நான்கு பாருக்குக் கேட்டிருக்கிறார்.