மரமில்லாத ஊரும் மச்சாளின் ஊரும்

2025 ஆனி (யூன்) 8, ஞாயிறு

மறுபடியும் அதே கேள்வி. விசா கிடைத்து நோர்வேக்கு வந்ததும் உனக்கு எங்கே விருப்பமோ அங்கேயே இருப்போம், நீயே சொல் என்கிறார் என் கணவர். பெருந்தன்மையாகத்தான் கேட்கிறார், தெரிகிறது. ஆனால் அவர் வேலை செய்கிற வடகோடிப் போட்ஸ்பியோர்ட்டையும், மச்சாள் இருக்கிற தலைநகர் ஒஸ்லோவையும் நான் கைபேசியில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே அளவுதான், உள்ளங்கை அளவு.

ஐயா வயலுக்கு உரம் எறிந்துவிட்டு வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “காட்டோரம் வளர்ந்த பிள்ளை. சந்தடி இல்லாத இடந்தான் உனக்குச் சரிவரும்.” சின்னம்மாவும் இதையே சொல்கிறார். பாலர் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மாரும் சொல்கிறார்கள். வவுனிக்குளத்தில் பிறந்தால் சாகும்வரை குரங்குச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி போலும்.

ஆனி 9, திங்கள்

மின்னஞ்சல் இல்லை.

ஆனி 11, புதன்

கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகத்தை 2023இல் மூடிவிட்டார்கள். என் விசாக் கோப்பு இப்போது புதுடில்லிக்குப் போகிறது. என்னுடைய விவாகப் பதிவுச் சான்றிதழ் மல்லாவியில் போட்டோப் பிரதியாகி, கொழும்பில் மொழிபெயர்ப்பாகி, முத்திரை குத்தப்பட்டு, கடல் கடந்துவிட்டது. நான் மாங்குளம் சந்திவரைதான் போய்வருகிறேன்.

ஆனி 15, ஞாயிறு

தம்பியோடு பாலைப்பழத்துக்குப் போனேன். அம்மாவுக்கு விருப்பமில்லை. பாலை பழுக்கிற காலத்தில் கரடியும் அதே மரத்துக்குத்தான் வரும். அதனால் போகும்போது வாய் ஓயக் கூடாது. தம்பி பழைய தகரப் பேணியொன்றைத் தட்டிக்கொண்டு வந்தான், நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாட்டுகளைப் பாடிக்கொண்டு நடந்தேன். முதல் மரத்தின் பட்டையில் நகக் கீறல். தம்பி விரலை வைத்துப் பார்த்தான். கீறலுக்குள் பால் காய்ந்திருந்தது. பழையதுதான் என்றான். இருந்தாலும் மேலே ஏற முன் இரண்டு கல்லை எறிந்தான்.

கீழே சாக்கை விரித்துக் கொப்பை உலுக்கினால் மஞ்சள் மணிகளாகக் கொட்டும். வீட்டுக்குக் கொண்டுபோவது கொஞ்சம், நின்ற இடத்திலேயே தின்பது பாதி. இனிப்பு முடிகிறபோது உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பால் தண்ணீருக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் வேண்டும்.

அந்த மரத்துக்கு அப்பால் ஒரு திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறது. அம்மம்மா சிறுமியாக இருந்தபோதே பழம் தந்த மரம். கல்லுக்கு என் தம்பியின் வயதுகூட இருக்காது. கல்லுக்கு அந்தப் பக்கம் பொறுக்கினால் குற்றம், இந்தப் பக்கம் பொறுக்கினால் பழம்.

அங்கே எப்படி என்று இரவு அவரிடம் கேட்டேன். நோர்வேயில் 1957இல் ஒரு சட்டம் வந்ததாம். பயிர் செய்யாத நிலத்தில், அது யாருடையதாக இருந்தாலும், எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், வீடுகளில் இருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரமும் போடலாம். வடக்கில் மட்டும் முல்தே என்றொரு செம்மஞ்சள் பழத்துக்கு விதிவிலக்கு: நிலத்துக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பறித்துக்கொண்டு போகக் கூடாது. ஆனால் நின்ற இடத்திலேயே தின்னலாம். சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறார்களாம். பசித்தவன் யாரோதான் அந்த வரியை எழுதியிருக்க வேண்டும்.

அப்போ மரங்கள் என்னென்ன என்று கேட்டேன். போட்ஸ்பியோர்ட்டில் மரம் இல்லை என்றார்.

ஆனி 16, திங்கள்

ஒரு மரமும் இல்லையாம். கல், பாசி, புல், கடல்.

ஆனி 22, ஞாயிறு

மச்சாள் ஒஸ்லோவில் இருந்து எடுத்தார். அவர் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அம்மா அடுப்படியில் நின்று ஒட்டுக்கேட்டுக்கொண்டே மரவள்ளிக்கிழங்கை அவித்து இறக்கிவிட்டார்.

எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் பலர், போட்ஸ்பியோர்ட் இருக்கிற பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில்தான் தொடங்கினார்கள் என்றார் மச்சாள். இருட்டோடும் குளிரோடும் மாரடித்து, பிள்ளைகள் வளர வளர ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே இறங்கினார்கள். “எல்லாரும் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு நீ இப்போது புதிதாகப் போகப் போகிறாயா?” அவருக்குப் பக்கத்தில் அம்மெரூட்டில் முருகன் கோயில் இருக்கிறது. தமிழ்க் கடை இருக்கிறது. முருங்கைக்காய்கூடக் கிடைக்கும், விலையைக் கேட்கக் கூடாது. வாடகையையும் கேட்கக் கூடாது. வடக்கில் வரி குறைவு, மின்சாரமும் மலிவு என்பதை அவரே ஒத்துக்கொண்டார். உடனேயே, சேமித்து என்ன செய்வது, அங்கே செலவழிக்க ஒரு கடை வேண்டாமா என்றும் கேட்டார்.

நான் எதிர்பார்க்காதது ஒன்றையும் சொன்னார். ஒஸ்லோ மாநகர எல்லைக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காடாம். நிலக்கீழ் ரயிலில் ஏறினால் ஒரு கடைசித் தரிப்பிடம் ஏரிக்கரை, சொக்ன்ஸ்வான் என்று பெயர். அதற்கப்பால் மரந்தான், நடந்துகொண்டே இருக்கலாம். ஸ்புறூஸ், பைன், பேர்ச். நகரத்தில் காடு இருக்கிறது, காட்டுப்புறத்தில் மரமே இல்லை. இதை ஐயாவுக்குச் சொன்னேன். அந்த நாட்டில் ஏதோ பிழை இருக்கிறது என்றார்.

ஆனி 24, செவ்வாய்

நித்திரை இல்லை. நாய் குரைத்த குரைப்பிலேயே தெரிந்தது, பன்றி இல்லை என்று. பன்றிக்குத் துரத்திக்கொண்டு ஓடும், யானைக்குப் பின்னால் பின்னால் வந்து வீட்டுக் குந்தோடு ஒட்டிக்கொள்ளும். ஐயா வெடியைத் தேட, தம்பி ரோர்ச் லைட்டை அடிக்க, வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஒரு காதுதான். அது மெதுவாக அசைந்தது. வாழைக்குலையை இழுக்கிற சத்தம், பிறகு தண்டு சப்புகிற சத்தம், அவசரமே இல்லை. இரண்டாவது வெடிக்குத்தான் போனது. பக்கத்து வளவில் வாழை முழுவதும் நாசம்.

காலையில் அவருக்குக் குரல் பதிவு அனுப்பினேன். தங்கள் ஊரில் பனிமான்கள் வீதியில் நிற்கும், வாகனம் காத்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே பதில் போட்டிருக்கிறார். இயற்கையோடு இருப்பது எவ்வளவு நல்லது, அங்கே மனம் ஆறும் என்றும் ஒரு வரி. நான் பதில் போடவில்லை. இரவு ஒரு மணிக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மனம் ஆறவில்லை.

ஆனி 28, சனி

பங்குனி 28இல் வந்த அரசின் காணி வர்த்தமானி அறிவித்தலுக்கு இன்றோடு மூன்று மாதம். வடக்கில் நான்கு மாவட்டங்கள், 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரித்தைக் காட்டாத காணி அரசுக்குப் போகும் என்றார்கள். பிறகு திரும்பப் பெறுவதாக அறிவித்தும்விட்டார்கள். எங்கள் துண்டு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. ஆனாலும் ஐயா அப்பப்பாவின் அனுமதிப்பத்திரத்தை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை பொலித்தீன் பையில் இடுப்போடு கட்டிக்கொண்டு போனது. மடித்த இடம் எல்லாம் பிய்ந்து, மாவட்டத்தின் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்.

“நீ போனால் இதை யார் பார்ப்பது?” என்று கேட்டார். தம்பி இருக்கிறானே என்றேன். தம்பி வெளியே போய்விட்டான். அவனுக்கும் யாரோ கட்டார் வேலை பார்க்கிறார்கள், ஐயாவுக்குத் தெரியாது.

ஆடி 3, வியாழன்

போட்ஸ்பியோர்ட்டில் இருந்து பெரிய வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கப் போய், வேறெங்கோ போய்விட்டேன். வைத்தியசாலை கிர்க்கெனஸில், வீதியால் 200 கிலோமீற்றருக்கு மேல். அந்தக் கிர்க்கெனஸ் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ஊர். 300க்கும் மேற்பட்ட விமானத் தாக்குதல்கள். 1944இல் சனம் பியோர்னெவாத்ன் என்ற இடத்து இரும்புச் சுரங்கத்துக்குள் போய்ப் படுத்தது, 3,500 பேரளவில். உள்ளே பத்துக் குழந்தைகள் பிறந்தன. பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க்கை எரித்துக்கொண்டே போனது. சனத்தைத் தெற்கே ஏற்றினார்கள். போர் முடிந்ததும், வீடில்லை, இப்போது திரும்ப வேண்டாம் என்று அரசாங்கம் மறித்தும் கேளாமல் திரும்பிப்போய்க் கொட்டில் போட்டார்கள்.

வேண்டாம் என்றும் திரும்பினார்களாம்! அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். சுரங்கத்துக்குள் தண்ணீர் எப்படி எடுத்தார்கள் என்று கேட்டார். அதுதான் அம்மாவின் முதல் கேள்வி. எங்கள் பங்கருக்குள் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் இருந்தது, அதை மூட ஒரு சட்டித் தட்டு. மேலே அடுக்கிய பனங்குற்றிகளுக்காக விழுந்த மரங்களை அம்மா இன்னும் எண்ணிச் சொல்வார். பிறகு அம்மா கேட்டார், அந்தக் குழந்தைகள் இப்போதும் உயிரோடு இருப்பார்களா? எண்பது வயது வந்திருக்கும் என்றேன்.

மரமில்லாத ஊரின் மேல் முதல்முறையாக ஒரு பிடிப்பு வந்தது. படங்களில் பார்த்த மலையோ வடதுருவ ஒளியோ தராதது. ஆனால் இது வீட்டு வாடகைக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ உதவாது.

ஆடி 6, ஞாயிறு

யாரிடமும் சொல்லாத ஆசை: எனக்குத் தெருவிளக்கு வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு, ஒரு காரணமும் இல்லாமல், ஒற்றையாக ஒரு வீதியில் நடந்து போய் ஒரு கடை யன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கையில் ரோர்ச் இல்லாமல், தம்பி பின்னால் வராமல், பாம்பைப் பார்த்துக் கால் வைக்காமல். ஐயா நினைப்பது போல எனக்கு அமைதி பற்றாக்குறை இல்லை. முப்பது வருடத்துக்குப் போதுமான அமைதி என்னிடம் இருக்கிறது, மிச்சத்தை யாருக்காவது கொடுக்கலாம்.

போட்ஸ்பியோர்ட்டில் கார்த்திகைக் கடைசியில் போகிற சூரியன் தை நடுப்பகுதிவரை எழும்பாதாம்.

ஆடி 10, வியாழன்

பௌர்ணமி. குளம் முழுக்க வெளிச்சம். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், பாதிப் பேர் வரவில்லை. மின்னஞ்சல் இல்லை.

ஆடி 20, ஞாயிறு

சண்டை. பின்மார்க்கின் உட்பகுதிகளில் 30 பாகையைத் தாண்டிவிட்டது, பார் எவ்வளவு நல்ல இடம் என்று கையில்லாச் சட்டையோடு படம் அனுப்பினார். அங்கே எல்லாரும் அதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள் என்று செய்தியில் வாசித்தேன். பனிமான்கள் நிழல் தேடி ஊர்களுக்குள் வந்ததாம். எங்களுக்கு 30 பாகை என்றால் காலை பத்து மணி. மரமில்லாத ஊரில் அந்த மிருகங்கள் எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். எப்போதும் மரம், மரம், உனக்கு வேறு கதை இல்லையா என்றார். வைத்துவிட்டேன்.

ஆடி 21, திங்கள்

வேறு கதை இருக்கிறது. பெரியம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது மாங்குளம் வீதியில், வாகனத்துக்குள். பிள்ளை சுகம், அவளும் சுகம், அது அதிர்ஷ்டம். அங்கே மாரியில் புயல் அடித்தால் போட்ஸ்பியோர்ட் மலைப்பாதையைப் பூட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் பனி தள்ளும் வாகனத்துக்குப் பின்னால் வரிசையாக வாகனங்களை விடுவார்கள். சிறிய விமான நிலையம் இருக்கிறது, அவசரமென்றால் விமானம் வரும் என்கிறார். காற்று விட்டால் வரும், அதையும் அவரே சொன்னார். ஊர் சின்னது, ஏறக்குறைய 2,000 பேர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒருவருக்கு ஒன்றென்றால் ஓடி வருவார்கள் என்கிறார். அதை நம்புகிறேன். இங்கேயும் அப்படித்தான், அன்று அந்த வாகனத்தை ஓட்டியது பக்கத்து வளவுக்காரர்தான். ஆனால் ஓடி வருகிறவர்களால் தூரத்தைக் குறைக்க முடியாது.

மச்சாளின் வீட்டில் இருந்து வைத்தியசாலைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். “எந்த வைத்தியசாலைக்கு?” என்றார். அந்தப் பதில் மனதில் நின்றுவிட்டது.

ஆடி 26, சனி

சிறுபோக நெல் தலை சாய்கிறது. கிளிக்கூட்டம். காலையில் இருந்து தகரம் தட்டிக் கை நோகிறது. இந்த வயலைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்றைக்கு முடிக்க மாட்டேன்.

ஆடி 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன். ஒஸ்லோ. மச்சாளுக்குப் பக்கத்தில் வேண்டாம், இரண்டு தரிப்பிடம் தள்ளி. காரணம் எல்லாம் கேட்டார். வைத்தியசாலையைச் சொன்னேன், தெருவிளக்கைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, உனக்கு மரம் பிடிக்கும் என்பதால் ஏரிப்பக்கம் பார்க்கவா என்று கேட்டார். வாடகையைக் கேட்டுவிட்டுப் பாருங்கள் என்றேன்.

ஆடி 30, புதன்

காலையில் அவருடைய குரல் பதிவு. தொழிற்சாலையில் நிரந்தர வேலை தருகிறார்களாம், இதுவரை ஒப்பந்தந்தான். குடும்பமாக வந்தால் வீடும் பார்த்துத் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீயே சொல் என்று இந்தமுறை சொல்லவில்லை, பதிவை அப்படியே நிறுத்திவிட்டார். என் கோப்புக்கு அவருடைய வருமானம் எவ்வளவு முக்கியம் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மதியம் மின்னஞ்சலும் வந்தது. முடிவு இல்லை, இன்னுமொரு பத்திரம் கேட்கிறார்கள். கிராம அலுவலர் இன்று அலுவலகத்தில் இருக்கிற நாள். மூன்றரை பஸ்ஸைப் பிடித்தால்தான் மல்லாவியில் கடை பூட்ட முன் பிரதி எடுக்கலாம்.