2430 வெற்றிகள்: ஒரு பேஸ்பால் நாட்குறிப்பு

பிப்ரவரி 13, 2025, வியாழன்

டெட்ராய்ட்டில் இன்னும் பனி விட்டபாடில்லை. வாசலில் உப்புத் தூவிவிட்டு உள்ளே வந்து போனை எடுத்தால் முதல் செய்தியே இதுதான்: மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் அலெக்ஸ் பிரெக்மன் பாஸ்டன் அணிக்குப் போய்விட்டார். 3 ஆண்டு, 12 கோடி டாலர். எங்கள் ஊர் அணியான டைகர்ஸுக்கு வருவார் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். மூன்றாம் பேஸில் நிலையாக நிற்க இன்னும் ஆள் இல்லை.

சரி, இந்த வருஷக் கணிப்பைத் தொடங்கிவிடுகிறேன். மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். எந்த அணி எத்தனை ஜெயிக்கும் என்று சீசனுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். மார்ச் 18 அன்று டோக்கியோவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் முதல் பந்தைப் போடுவதற்குள் தாளை மடித்துவிட வேண்டும். அப்புறம் ஒரு எண்ணைக்கூடத் தொடக் கூடாது.

போன ஆகஸ்ட் 10 அன்று டைகர்ஸ் 55 வெற்றி, 63 தோல்வியில் கிடந்தார்கள். பிளேஆஃப், அதாவது சீசனுக்குப் பிந்தைய கோப்பைச் சுற்று, போகும் வாய்ப்பு 0.2 சதவீதம் என்று ஃபேன்கிராஃப்ஸ் தளம் காட்டியது. நல்ல பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் ஃப்ளாஹெர்ட்டியை அதற்கு முன்பே டாட்ஜர்ஸுக்கு விற்றாகிவிட்டது. மிச்சமிருந்த 44 ஆட்டங்களில் 31 ஜெயித்து, 2014க்குப் பிறகு முதல் முறையாக உள்ளே போனார்கள். ஐநூறில் ஒரு வாய்ப்பு என் கண் முன்னாலேயே பலித்தது. அதிலிருந்து சின்ன எண்ணைப் பார்த்தால் ‘இல்லை’ என்று படிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

மகளுக்குப் பதினோரு வயது. பின்னமும் சராசரியும் பள்ளியில் நடக்கின்றன. அவளையும் கூட்டு வைத்துக்கொண்டேன்.

இன்று மார்செல் முறை. டாம் டாங்கோ என்ற ஆய்வாளர் உருவாக்கியது. குரங்குக்குக்கூட வரும் அளவுக்கு எளிமை என்று ஒரு குரங்கின் பெயரையே வைத்தார். ஓர் ஆட்டக்காரரின் கடைசி மூன்று வருஷங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். போன வருஷத்தை 5ஆலும், அதற்கு முந்தையதை 4ஆலும், அதற்கும் முந்தையதை 3ஆலும் பெருக்கிக் கூட்டி, 12ஆல் வகுக்க வேண்டும். எவ்வளவு ஆடினார் என்று பார்ப்பது, லீக் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுப்பது, வயதுக்கு ஏற்பத் திருத்துவது எல்லாம் அப்புறம்.

எங்கள் டைகர்ஸின் ஸ்பென்சர் டார்க்கல்சன் அடித்த ஹோம் ரன்களை (வேலிக்கு வெளியே பறக்கும் அடிகளை) போட்டுப் பார்த்தோம். 2022இல் 8, 2023இல் 31, 2024இல் 10. ஐம்பதும் நூற்றிருபத்து நாலும் இருபத்து நாலும் சேர்ந்து 198. வகுத்தால் பதினாறரை.

“அரை ஹோம் ரன் எப்படிம்மா அடிப்பாங்க?”

அடிக்க மாட்டார்கள்தான். ஆனால் அந்தப் பதினாறரைக்குள் 31 அடித்த பையனும் இருக்கிறான், போன ஜூனில் கீழ் லீக்குக்கு, டொலிடோவுக்கு, அனுப்பப்பட்ட பையனும் இருக்கிறான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 16.5 என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் காசு சுண்டினோம். கால் டாலர் காசு ஒன்று, 162 தடவை. தலை விழுந்தால் வெற்றி, பூ விழுந்தால் தோல்வி. மகள் சுண்ட, நான் ஐந்தைந்தாகக் கோடு கிழித்தேன். இரண்டு முறை காசு ஸ்டவ்வுக்கு அடியில் போய்விட்டது. கடைசியில் தலை 74.

காசில் எந்தக் கோளாறும் இல்லை, சரிபாதி வாய்ப்புதான். ஆனாலும் 81 வரவில்லை. கணக்குப்படி பார்த்தால் இப்படிச் சுண்டும்போது மூன்றில் இரண்டு முறை 75க்கும் 87க்கும் நடுவில் விழும், மீதி நேரம் அதற்கும் வெளியே. அதாவது ஓர் அணியின் உண்மையான பலம் கடுகளவு பிசகாமல் எனக்குத் தெரிந்திருந்தாலும், ஆறேழு வெற்றி இப்படியோ அப்படியோ தவறத்தான் செய்யும். இது புரிந்த பிறகு கணிப்பு போடுவதில் எனக்கு ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆறைத் தாண்டிப் பதினைந்து தவறினால்தான், அந்த அணியில் எதையோ நான் பார்க்கத் தவறியிருக்கிறேன் என்று அர்த்தம். அது என்ன என்று தேடுவதில்தான் எனக்கு ருசி.

மார்ச் 11, செவ்வாய்

நியூயார்க் யாங்கீஸின் பிட்சர் கெரிட் கோலுக்கு இன்று டாமி ஜான் அறுவை சிகிச்சை. முழங்கைத் தசைநார். சீசன் முழுக்க இல்லை. 94 என்று போட்டிருந்ததை 91 ஆக்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று கேட்டார், இந்த வருஷம் என்ன எழுதியிருக்கிறாய் என்று. டைகர்ஸ் ஜெயித்த 1968, 1984 இரண்டு கோப்பைகளையும் பார்த்தவர். வானொலியில் எர்னி ஹார்வெல் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் அவருக்கு ஆகாது. முதல் ஐந்து பிட்சர்களை எல்லோரும் எண்ணுகிறார்கள், நீ ஆறாவது ஆளையும் ஏழாவது ஆளையும் பார் என்றார். உள்ளே வந்து 30 அணிகளையும் மறுபடி அந்தக் கண்ணோடு பார்த்தேன். ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

மார்ச் 17, திங்கள்

கடைசி இரவு. எல்லா எண்களையும் கூட்டினேன். 2463.

வரவே கூடாத எண். 30 அணிகளும் தங்களுக்குள்தான் மோதிக்கொள்கின்றன. ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்றாக வேண்டும். மொத்தம் 2430 ஆட்டங்கள், 2430 வெற்றிகள், அவ்வளவுதான். நான் இல்லாத 33 வெற்றிகளை வாரிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் வருகிறது. பயிற்சி முகாமிலிருந்து வரும் சேதி எல்லாம் நல்ல சேதியாகவே இருக்கும். ஒருவர் எடை குறைத்திருப்பார், ஒருவர் புதுப் பந்து ஒன்று பழகியிருப்பார். ஜூலையில் யாருடைய முழங்கை போகும் என்று மார்ச்சில் எந்தச் சேதியும் வராது.

33ஐயும் யாரிடமிருந்து பிடுங்குவது? இங்கேதான் மனசு கஷ்டப்படுகிறது. டாட்ஜர்ஸிடம் மூன்று எடுத்து 100 ஆக்கினேன். பிளேக் ஸ்னெல், ரோக்கி சசாக்கி என்று பிட்சர்களை வாங்கிக் குவித்திருந்தாலும் அவர்களுக்கும் கைகள் சதையும் எலும்பும்தான். மில்வாக்கியிடம் இரண்டு: ஷார்ட்ஸ்டாப் வில்லி அடாமஸ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும், ஆட்டத்தை முடித்துவைக்கும் டெவின் வில்லியம்ஸ் யாங்கீஸுக்கும் போயாயிற்று, அதனால் 82. போன வருஷம் 121 தோற்ற ஒயிட் சாக்ஸிடம் எடுக்கக் கை வரவில்லை. 53 என்று அப்படியே விட்டேன். கொலராடோவுக்கு 61. அட்லாண்டாவுக்கு 93, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பத்தரை மணிக்கு 2431 வரை இறங்கியிருந்தது. இன்னும் ஒன்று. டெட்ராய்ட்டின் எண் 85. போன வருஷம் கொடுத்ததைவிட 40 ரன் கூடுதலாக எடுத்தார்கள். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது பழைய கணக்கு, ஆக 81உம் நாலும் 85. டாரிக் ஸ்கூபல் இருக்கிறார்: போன சீசனில் 18 வெற்றி, 228 ஸ்ட்ரைக் அவுட், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. ஃப்ளாஹெர்ட்டி திரும்பி வந்துவிட்டார், கிளேபர் டோரஸும் வந்திருக்கிறார். ஆனால் பார்க்கர் மெடோஸுக்குக் கையில் நரம்புப் பிரச்சினை, மாட் வீர்லிங்குக்குத் தோளில் காயம்.

84 என்று திருத்தினேன். தூங்கப் போயிருந்த மகள் தண்ணீர் குடிக்க வந்து அதைப் பார்த்துவிட்டாள். “நம்ம டீம்கிட்டயேவா எடுக்கிறே?” என்று கேட்டுவிட்டு, தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ‘டெட்ராய்ட் 90’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். தாளை மடித்து மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலை ஆறு பத்துக்கு டோக்கியோ ஆட்டம். போர்வையைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் பார்த்தோம். யமமோட்டோவும் இமனாகாவும், இரு பக்கமும் ஜப்பானிய பிட்சர்கள். இமனாகா நான்கு இன்னிங்ஸில் ஒரு ஹிட்டும் கொடுக்கவில்லை. ஆனாலும் டாட்ஜர்ஸ் 4-1. பள்ளிப் பேருந்து வரும் நேரத்தில்தான் மகள் பல் தேய்த்தாள்.

மார்ச் 27, வியாழன்

டைகர்ஸுக்கு முதல் ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸில். 5-4 தோல்வி. ஸ்கூபலிடம் டியோஸ்கர் ஹெர்னாண்டஸ் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 161 பாக்கி.

செப்டம்பர் 28, ஞாயிறு

சீசன் முடிந்தது. தாளை எடுத்தோம். மஞ்சள் வாசனை.

அட்லாண்டா: 93 என்றேன், 76. கொலராடோ: 61 என்றேன், 43தான். டாட்ஜர்ஸ் 93. ஒயிட் சாக்ஸ் 60 ஜெயித்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம். டார்க்கல்சன் 31 ஹோம் ரன். ஃப்ரிட்ஜில் இருந்த 16.5ஐ மகள் கிழித்துப் போடாமல், பக்கத்தில் 31 என்று எழுதி வைத்திருக்கிறாள்.

என்னைத் தூங்கவிடாதது மில்வாக்கிதான். 82 என்று எழுதினேன். 97 ஜெயித்து, எல்லா அணிகளிலும் முதலிடம். போனவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன். அவர்கள் இடத்தில் யார் வரப்போகிறார்கள் என்று பார்க்கவில்லை. பெரியவர் வேலியோரம் சொன்னது பிட்சர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன்.

டெட்ராய்ட் 87. எனக்கும் மகளுக்கும் ஆளுக்கு மூன்று வித்தியாசம். யார் கிட்டத்தில் என்ற சண்டை அரை மணி நேரம் நடந்தது. அதைவிட வலிப்பது, ஜூலை தொடக்கத்தில் எங்களுக்குப் பதினைந்தரை ஆட்டம் பின்னால் இருந்த கிளீவ்லாந்து, 88 ஜெயித்து எங்கள் பிரிவின் முதலிடத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. இதே மாதிரி போன வருஷம் நாம் செய்தது, இந்த வருஷம் நமக்கு.

செவ்வாய்க்கிழமை பிளேஆஃப். அதே கிளீவ்லாந்தில், அதே அணியோடு. ஸ்கூபல்தான் பந்து போடுகிறார். மகள் புதுத் தாள் எடுத்து மேசையில் வைத்திருக்கிறாள்.